உமி அறையில் மூன்று நாள்

நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையில், சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றவர்களை மூன்று நாள் உமி அறையைக் கூட்ட அனுப்புவார்கள். எனக்கு இரைப்பு உண்டு, உமித் தூசி ஆகாது. அதற்குப் பயந்தே ஒரு நாளும் நிற்காமல் களத்தில் நெல் காயப்போட்டு வந்தேன்.

போன தை மாதம் என் நாத்தனார் கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஆலைக்குச் சொல்லவில்லை. மறுநாள் மேஸ்திரி காரணம் கேட்கவில்லை. நானாகச் சொல்லக் கூச்சம். உமி அறைக்குப் போனேன். சாயங்காலத்துக்குள் மூச்சு இழுத்தது.

இரண்டாம் நாள் மேஸ்திரியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "திருக்கடையூர்லேருந்து வர்றப்ப வேன் நின்னுபோச்சு" என்றார்.

களத்தில் என்னோடு வேலை செய்பவள் விடவில்லை. "போன் பண்ணிச் சொன்னீங்களா மேஸ்திரி?"

"சார்ஜ் இல்லக்கா."

"அப்ப தொடப்பத்த எடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினார். "நீங்க களத்துக்குப் போங்க பெரியம்மா."

மத்தியானத்துக்கு முன்பே இருமிக்கொண்டு வெளியே வந்தார். புருவமெல்லாம் தூசி.

"அன்னைக்கு ஏன் வரல பெரியம்மா?"

சொன்னேன்.

"இத அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலியே தம்பி."

அதன் பிறகு உமி அறை தண்டனையாக இல்லை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு முறைவைத்துப் போகிறார்கள். எனக்கு முறை வைக்கவில்லை. யாராவது வராவிட்டால் மேஸ்திரி முதலில் காரணம் கேட்கிறார். எனக்கு நிம்மதியாக மூச்சு வருகிறது.