அத்தைக்கு வாலிபர் சங்கம் கொடுத்த வழியனுப்பு

மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் லுத்தரன் சபையில், பிறந்த குழந்தையிலிருந்து எல்லோருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நடக்கத் தொடங்கினால் ஞாயிறு பள்ளி. மீசை அரும்பும் வயதில் திடப்படுத்தல் வகுப்பு. அதை முடித்து, வெள்ளை உடுப்பில் முதல் திருவிருந்து எடுத்தவர்களுக்கு வாலிபர் சங்கம். கல்யாணம் ஆனதும் பெண்கள் மாதர் ஐக்கியத்துக்கும் ஆண்கள் ஆடவர் ஐக்கியத்துக்கும் போய்விடுவார்கள். முழங்கால் வலி வந்துவிட்டால் வியாழக்கிழமை காலையில் முதியோர் கூடுகை; அங்கே ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள், மீ கோரேங் நூடுல்ஸும் கொடுப்பார்கள். எங்கள் சபையில் யாரும் விடுபட்டுப் போக முடியாது என்று போதகர் வாய்நிறையச் சொல்வார்.

எங்கள் அத்தை நாற்பத்தொரு வயதிலும் வாலிபர் சங்கத்தில்தான் இருந்தாள்.

அப்பாவின் தங்கை அவள். எங்களோடுதான் இருந்தாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. கல்யாணம் ஆகாததால் மாதர் ஐக்கியத்துக்குப் போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் யாரும் கூப்பிடவில்லை. அவள் கீபோர்டு வாசித்துப் பழக்கிய பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, அடுத்த ஐக்கியத்துக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் ஞாயிறு பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அத்தை மட்டும் அதே கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

வாலிபர் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், அதற்கு முந்திய ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் வழியனுப்பு வைப்பார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, ஜெபம் பண்ணி, கேக் வெட்டுவார்கள். அந்தக் கேக்கை அத்தைதான் சுடுவாள். வெள்ளை ஐசிங் போட்டு, மேலே சின்னச் சின்ன வெள்ளி உருண்டைகள் பதித்திருப்பாள். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஐசிங்கை வழித்துத் தின்பது என் உரிமை. அதனால் சபையில் யாருக்குக் கல்யாணம் நெருங்குகிறது என்ற விவரம் எனக்கு நாக்கின் வழியாகவே தெரிந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை அத்தை அந்தக் கேக்கைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தடவ யாருக்கு அத்த?”

“எனக்குத்தான்.”

அவ்வளவுதான் சொன்னாள். மேற்கொண்டு நான் என்ன கேட்பது? அத்தைக்கு வழியனுப்பு என்றால் அத்தைக்குக் கல்யாணம். வேறு எதற்காகவும் அந்தக் கேக்கைச் சுட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னோடு ஞாயிறு பள்ளியில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் யாராவது ஒருவர் கல்யாணத்தில் பிளவர் கேர்ளாகப் பூக்கூடை தூக்கி நடந்திருந்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. இனி அத்தை கல்யாணத்தில் என்னை விட்டால் யார்? அன்று படுக்கும்போதே கவுனுக்கு நிறம் முடிவுசெய்துவிட்டேன். ரோஜா நிறம்.

உண்மையில் நடந்தது வேறு. வாலிபர் சங்கத்துக்குப் புதிய தலைவர் வந்திருந்தார். கல்லூரிப் படிப்பை முடித்த சூட்டோடு இருந்த பையன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் சங்கத்தில் இருக்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தார். அந்த விதி அத்தை ஒருத்தியைத்தான் பிடித்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லாச் சபைகளிலும் அப்படித்தான் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மனசு கேட்காமல் வழியனுப்பும் வைத்தார். கேக்குக்கு மட்டும் அவருக்கு வேறு ஆள் தெரியவில்லை.

மறுநாள் காலை ஞாயிறு பள்ளியில் டீச்சர் அக்கா வழக்கம்போல், “இந்த வாரம் யாருக்காக ஜெபம் பண்ணணும்?” என்று கேட்டார். ஒருவன் தாத்தாவின் கண் ஆப்பரேஷனைச் சொன்னான். ஒருத்தி காணாமல் போன பூனையைச் சொன்னாள். நான் கையைத் தூக்கி, “எங்க அத்த கல்யாணத்துக்காக” என்றேன்.

டீச்சர் அக்கா கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொன்ன வேகத்தில் வெளியே போனார். எங்கள் சபையில் ஒரு செய்தி பரவ வேண்டுமானால் அதை ஜெபக்குறிப்பாகச் சொன்னால் போதும்; வம்பு பேசிய பாவமும் சேராது. பாவ அறிக்கை முடிவதற்குள் மாதர் ஐக்கியத்தின் இரண்டு வரிசைக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஆராதனை முழுக்கத் தலைகள் கீபோர்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தன. அத்தைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் டீ ஊற்றத் தொடங்கியதும் மாதர் ஐக்கியத் தலைவி ஆன்டி நேரே வந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வார்த்த சொல்லலியே லா! எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? மாப்பிள்ள எந்த ஊரு?”

பின்னால் ஐந்தாறு ஆன்டிகள் சிரித்த முகத்தோடு நின்றார்கள். அத்தை ஒன்றும் புரியாமல் சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“ரவாங்” என்றாள்.

“என்ன வேல?”

“பேக்டரில மெக்கானிக்.”

சற்றுத் தள்ளி, டீத்தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். அம்மா போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

ரவாங்கில் ஒரு மெக்கானிக் உண்மையிலேயே இருந்தார். நான் பிறப்பதற்கு முன்னால், கிறிஸ்துமஸ் கேரல் பாட வீடுவீடாகப் போகும் வாலிபர்களுக்கு நண்பன் ஒருவன் கேட்டுக்கொண்டதற்காக வேன் ஓட்ட வந்தவர். இந்து. பாட்டு ஒன்றும் தெரியாது. கடைசி வீடுவரை வேனில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த வருஷமும் வந்தார். பிறகு அத்தையைக் கேட்டுத் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தாத்தா இறந்துவிட்டிருந்ததால் முடிவு அப்பாவின் கையில் இருந்தது. ஞானஸ்நானம் எடுத்தால் மேலே பேசலாம் என்றார் அப்பா. கல்யாணத்துக்காகச் சாமியை மாற்றிக்கொண்டால் அது உங்கள் சாமிக்கும் மரியாதையில்லை என்று வந்தவர் சொல்லிவிட்டு எழுந்து போனாராம். அப்பாவுக்கு அப்போது சின்ன வயது. சபைக் கமிட்டியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்திருப்பார். அத்தை அண்ணன் பேச்சை மீறவில்லை. அதற்குப் பிறகு வந்த வரன்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இதெல்லாம் என் கல்யாணப் பேச்சு நடந்தபோது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“பேரு என்ன?” என்று ஆன்டி விடாமல் கேட்டார்.

அத்தை வாயைத் திறந்தாள். பேரைச் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பிறகு சிரித்துவிட்டாள்.

“சும்மா சொன்னேன் ஆன்டி. கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முப்பத்தஞ்சுக்கு மேல யூத்ல இருக்கக் கூடாதாம். அதான் கேக் வெட்டி அனுப்பறாங்க.”

புதிய தலைவர் சுவர்க்கடிகாரப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார். முதலில் பேசியது தலைவி ஆன்டிதான். பிடித்த கையை அவர் விடவில்லை.

“அப்ப எங்ககூட வா. புருஷன் இருந்தாத்தான் சேத்துக்குவோம்னு யாரு சொன்னா? என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. என்னைய வெளிய போன்னா சொன்னாங்க?” என்றவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, “இத்தன வருஷம் இந்தப் புள்ளைய நாம ஒரு தடவகூடக் கூப்பிடலியே” என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போயிற்று.

அத்தை கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். நான் அழுது ஊரைக் கூட்டினேன். எனக்கு ரோஜா நிறக் கவுன் போன துக்கம்.

வீட்டுக்குப் போகும்போது காரில் அப்பாவும் அம்மாவும் முன்னால், நானும் அத்தையும் பின்னால். மிச்சக் கேக் என் மடியில் இருந்தது. வீட்டுக்குப் போனதும் எனக்குப் பூசைதான் என்று நினைத்தேன். பாலத்தைத் தாண்டி டிராபிக் லைட்டில் நின்றபோது அப்பா திரும்பாமலே கேட்டார்.

“இன்னும் ரவாங்லதான் இருக்காரா?”

“ம். இருக்காரு. மூத்த பொண்ணு இந்த வருஷம் யுனிவர்சிட்டி போகுது.”

அப்பா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்னை மன்னிச்சிரு தங்கச்சி” என்றார் அப்பா.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“லைட்டு பச்ச விழுந்துருச்சு அண்ணே” என்றாள் அத்தை. “போங்க.”

அப்பா காரை எடுத்தார். அத்தை என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு உயிர் வந்தது. கல்யாணம் என்று கதைகட்டி மானத்தை வாங்கியவள் நான்; அதற்காக அப்பா பெரிய மனசு பண்ணி எனக்குப் பதிலாக அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார், அத்தையும் மன்னித்துவிட்டாள். அப்படித்தான் நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.