பேட்ஜ் திரும்பாத ஏழு மாதங்கள்

அவள் விரல்கள் முதலில் பூஜ்யத்தைத் தட்டின. பிறகுதான் கூட்டல். கணினி நிரலில் ஒரு மாதத்துக்கு ஒரு ஆப்ஜெக்ட், அதாவது ஒரு தகவல் பொதி. அதற்குள் பெயர், மாதம், கதிர்வீச்சின் அளவு. நிரல் ஒவ்வொன்றாகத் தொட்டு, அளவை மட்டும் எடுத்துக் கூட்டுத்தொகையில் சேர்க்கும்.

மருத்துவமனைப் பதிவறைக்குத் தட்டச்சு செய்ய வந்து, பழைய கையேடுகளைப் படித்தே நிரல் எழுதப் பழகியவள் அவள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அவளிடம் செல்லாது. அறுபது பதிவு என்றால் அறுபதையும் தாளோடு ஒப்பிடுவாள்.

இன்றைய தாள்கள் அவள் அண்ணியுடையவை. அண்ணிக்கு எக்ஸ்ரே பிரிவில் வேலை. ரத்த அணுக்கள் குறைந்திருந்ததால், ஐந்து ஆண்டுகளில் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு மொத்தம் எவ்வளவு என்று மருத்துவர் கேட்டிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு அனுமதித்த எல்லை நூறு மில்லிசீவர்ட். திரையில் வந்தது எழுபத்தொன்று.

தாளில் ஏழு மாதங்கள் வெறுமையாக இருந்தன. திரையில் அவை பூஜ்யம். வெற்றிடம் வந்தால் கூட்டல் கெட்டுப்போகிறதே என்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளே எழுதிய வரி: அளவு இல்லையென்றால் பூஜ்யம் எனக் கொள்.

அண்ணியை வரவழைத்தாள்.

“இந்த ஏழு மாசமும் லீவா அண்ணி?”

“யாரு குடுத்தா? ரெண்டு ஆள் வேலையை ஒத்தையாப் பார்த்தேன்.”

“அப்போ கதிர்வீச்சை அளக்கச் சட்டையில மாட்டுற பேட்ஜ்?”

“டிராயர்ல. மாட்டினா அளவு ஏறும், ஏறினா வேற பிரிவுக்குத் தூக்கிடுவாங்க. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன்.”

“ஏழு தடவையா?”

“உங்க அண்ணனோட குடும்பம் நடத்துறேன்ல. மறதி ஒட்டிக்கிச்சுன்னேன், நம்பிட்டாங்க.”

இருவரும் சிரிக்கவில்லை.

“எழுபத்தொண்ணுன்னே குடுத்துடேன்மா. உன் மிஷின் சொன்னதுதானே.”

“மிஷின் சொல்லலை அண்ணி. நான் அப்படிச் சொல்ல வெச்சேன். டாக்டர் இதை நம்பித்தான் உங்களுக்கு மருந்து எழுதுவாரு.”

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தான் எழுதிய அந்தப் பூஜ்ய வரியை அவள் அழித்தாள். வெற்று மாதங்களைத் தனியே எண்ணும்படி மாற்றினாள். மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடவிட்டு, அறுபதையும் சரிபார்த்து அச்செடுத்தாள். ஐம்பத்துமூன்று மாதங்களுக்கு எழுபத்தொன்று. ஏழு மாதங்களுக்கு அளவு தெரியாது. மொத்தம் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

அண்ணி கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். மருத்துவர் அறைவரை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். தாளை மடிக்காமல் அவரிடம் நீட்டியது அண்ணிதான்.