சிவகாமியும் பூவரசம் புழுவும்

போன வாரம் மின்சாரக் கம்பியில் உரசுகிறது என்று எங்கள் தெருமுனைப் பூவரச மரத்தின் கிளைகளை வெட்டிப் போட்டார்கள். பால் வாங்கிக்கொண்டு அந்தக் கிளைகளைத் தாண்டி வந்தேன். சுருண்டிருந்த இலை ஒன்றிலிருந்து பச்சைப் புழு ஒன்று என் தோளில் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில், மரத்தின் மேல் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை நிறுத்திவிட்டு, "என்னம்மா, பாம்பா?" என்று கேட்டார். புழு என்று சொல்ல வாய் வரவில்லை. எழுபது வயதை நெருங்குகிறவள், வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டியவள், ஒரு புழுவுக்குக் கத்தினேன் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பாலில் பாதி ரோட்டில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் சேலையில் அந்த வாடை இருந்தது. பூவரச இலையைக் கசக்கினால் வருமே, லேசான பிசுபிசுப்போடு ஒரு பச்சை வாடை, அதுதான். அதை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் மிச்சப் பாலும் பொங்கி வழிந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்த பள்ளியின் முற்றத்திலும் ஒரு பூவரச மரம் நின்றது. டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்து ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். பெண்கள் படித்து வேலைக்குப் போவதை அதிசயமாகப் பார்த்த காலம். எங்கள் ஊர் திசையன்விளையைத் தாண்டிக் கடற்கரையில். அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். சுறாவின் வாய்க்குள் விரலை விட்டுப் பல்லை எண்ணிப் பார்த்த பெண் நான். அறுத்த மீனின் இதயம் உள்ளங்கையில் துள்ளுவதைச் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஆனால் புழு என்றால் எனக்கு உயிரே போய்விடும். ஏன் என்று கேட்காதீர்கள். இன்றுவரை எனக்கே தெரியாது.

அங்கேதான் சிவகாமி எனக்குச் சிநேகிதி ஆனாள். களக்காட்டில் வயலும் வாழையும் உள்ள சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண். பன்னிரண்டு வயதில், புருஷன் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள்ளேயே தாலி அறுத்தவள். அண்ணன் பிள்ளைகள் பாடம் படிக்கும்போது பக்கத்தில் இருந்தே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, அண்ணனிடம் அழுது அடம்பிடித்துப் பயிற்சிக்கு வந்திருந்தாள். விடுதியின் ஒரு மூலையில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுவாள். ஊரிலிருந்து எனக்குக் கருவாடு வந்தால், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, இதத் திங்கதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்பாள். சொல்வாளே தவிர, எழுந்து போகமாட்டாள்.

சின்ன வயதில் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிக் கிடந்தாளாம். அதிலிருந்து மூச்சு வாங்கும். அதை யாருக்கும் தெரியாமல் மறைக்க அவள் செய்த தந்திரங்கள் கொஞ்சமல்ல. மாடிப்படியில் பாதியில் நின்று, "அங்கன பாரேன், அந்தக் காக்கா என்ன அழகா உக்காந்திருக்கு!" என்பாள். நானும் நின்று பார்ப்பேன். தினமும் அதே படியில் நின்று என்ன காக்கை வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. நான் அத்தனை கெட்டிக்காரி!

சாயங்காலம் எல்லோரும் தேகப்பயிற்சி செய்வோம். சிவகாமி ஏதாவது சாக்குச் சொல்லிப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அங்கிருந்து என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போனேன். சுருட்டியிருந்த இலை ஒன்றைப் பிரித்து வைத்திருந்தாள். உள்ளே கண்ணாடி போல ஒரு பச்சைப் புழு. நான் நாலடி பின்னால் போய்விட்டேன்.

"ஓடாதட்டி, பைய வா. முதுகப் பாரு. உள்ள என்னமோ துடிக்கி."

"துடிச்சிட்டுப் போகுது. எனக்கு வேண்டாம் தாயி."

"கண்ண மூடிட்டாவது வா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று இருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவள் தோளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு பார்த்தேன். முதுகின் நடுவில், தோலுக்கு அடியில், கரும்பச்சைக் கோடு ஒன்று. அது வாலிலிருந்து தலைக்குச் சிறிய அலைபோல ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

அன்று முதல் சிவகாமிக்கு அதே பித்து. பள்ளியில் இருந்த ஒரே பூதக்கண்ணாடியை இரவல் வாங்கினாள். பெரிய டீச்சரிடம் போய்க் கேட்டுக்கேட்டு, முதுகில் துடிக்கும் அந்தக் குழாய்தான் புழுவின் இதயம் என்று தெரிந்துகொண்டாள். பெரிய டீச்சர் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை. நிறைய வைவார், நிறைய மன்னிப்பார். புழு அகப்படாத நாளில் தொட்டித் தண்ணீரில் நெளியும் கொசுப்புழுவைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலில் வைத்துப் பார்ப்பாள். அதற்கும் முதுகில்தான் குழாய். "நமக்கு நெஞ்சுக்குள்ள இருக்கத ஆண்டவன் இதுகளுக்கு முதுகுல வச்சிருக்கான் பாத்தியா?" என்று ஆச்சரியப்படுவாள்.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருக்கும்போது டாக்டர் அம்மா எங்களைப் பரிசோதிக்க வந்தார். வெள்ளைக்காரச் சீமாட்டி, தமிழைப் புத்தகத்திலிருந்தே படித்தவர். சிவகாமியின் நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு பெரிய டீச்சரிடம், "இந்தப் பெண்ணின் இருதயத்தில் ஒரு கதவு பழுதாயிருக்கிறது. நாள் முழுதும் நின்று போதிக்கிற வேலை இவளுக்கு ஆகாது. வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார்.

சிவகாமி அழவில்லை. நான்தான் அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் மரத்தடியில் என்னிடம் சொன்னாள்: "வீட்டுல ஒரு உள்ளறை இருக்குட்டி. நல்லது பொல்லதுன்னா நான் அதுக்குள்ள போயிரணும். என் முகத்துல யாரும் முழிக்கக்கூடாதுல்லா? அந்த அறைக்குச் சன்னல் கெடையாது."

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வில்வண்டி பூட்டி வந்து சேர்ந்த அன்றைக்குச் சிவகாமிக்குப் பாடம் நடத்திக் காட்டும் பரீட்சை இருந்தது. பெரிய டீச்சர் அண்ணனிடம், "பாடத்த மட்டும் நடத்தட்டும். முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க" என்றார். டாக்டர் அம்மாவையும் அழைத்து, "நீங்களும் ஒருதரம் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கடைசி வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அண்ணன் சன்னலுக்கு வெளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பாடம், பூச்சியின் உடலில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பது. வேறு எதை எடுப்பாள் அவள்?

அந்தக் காலத்தில் ஆசிரியை உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே சிவகாமி கரும்பலகை பக்கத்தில் நின்று சொல்வது, நான் தட்டில் இலையும் புழுவும் வைத்துப் பூதக்கண்ணாடியோடு பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோய்க் காட்டுவது என்று ஏற்பாடு. அவளுக்காக ஒத்துக்கொண்டேன். காலையிலிருந்து அந்தோனியாரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குக் குரல் அடங்கிவிட்டது. கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகள், "கேக்கல டீச்சர்" என்றார்கள். அவள் நெற்றியில் வேர்வை. டாக்டர் அம்மா தலையை அசைத்தார். நான் இரண்டாவது பெஞ்சில் தட்டை நீட்டினேன். புழு இலையை விட்டு இறங்கி, விறுவிறு என்று என் கட்டைவிரலில் ஏறியது.

தட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. நான் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. டாக்டர் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

சிவகாமி ஓடிவந்து தரையில் மண்டியிட்டுப் புழுவைத் தேடி எடுத்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் புழு. "எல்லாரும் இங்கன வாங்க. சத்தம் போடாம வந்து உக்காருங்க" என்றாள். பிள்ளைகள் இறங்கி வந்து அவளைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இனி யாருக்காகக் கத்த வேண்டும்? மெதுவாகப் பேசினாள், எல்லோருக்கும் கேட்டது.

"நம்ம ரத்தம் குழாய்க்குள்ளயே ஓடும், குழாய்க்குள்ளயே திரும்பி வரும். இதுக்கு அப்படி இல்ல. முதுகுல ஒரே ஒரு நீளக் குழாய். பின்னால பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன வாசல். அது வழியா ரத்தத்த உறிஞ்சி தலைப் பக்கம் தள்ளும். தலைகிட்ட குழாய் முடிஞ்சிரும். அங்கேருந்து ரத்தம் வெளிய கொட்டிரும். வயல்ல மடையத் திறந்தா தண்ணி எப்படிப் பரவுது? அதே மாதிரி உடம்பு பூராவும் பரவி, குடல், சதை எல்லாத்தையும் நனைச்சிட்டு, பைய வால் பக்கம் திரும்பி வரும். மறுபடியும் வாசல் வழியா உள்ள போகும்."

"ரத்தம் சிவப்பா இருக்குமா டீச்சர்?"

"இருக்காது. லேசாப் பச்சையா, மஞ்சளா இருக்கும். நமக்குக் காத்தச் சுமந்துட்டுப் போறதும் ரத்தந்தான், அதான் சிவப்பு. பூச்சிக்குக் காத்து வாரதுக்கு விலாவுல தனியா ஓட்டை இருக்கு. இந்தா, இந்தப் புள்ளிதான். ரத்தத்துக்குச் சாப்பாடு கொண்டுபோற வேலைதான் பெருசு."

"கொசுவ அடிச்சா சிவப்பா வருதே?" என்றாள் ஒரு வாயாடிப் பெண்.

"அது ஒன் ரத்தம்ளா!" என்றாள் சிவகாமி. மறுபடி சிரிப்பு.

இந்தப் புழு கூட்டுக்குள் உறங்கி அந்துப்பூச்சியாக வெளியே வரும்போது இறக்கை நனைந்த துணிபோல மடங்கியிருக்கும், அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளித்தான் அது இறக்கையை விரிக்கும் என்று சொன்னாள். சிறியவள் ஒருத்தி பூதக்கண்ணாடியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், நின்னுட்டு! துடிக்கல! செத்துட்டா?" என்று பதறினாள்.

"சாகாது. கொஞ்சம் நிக்கும், மறுபடி ஓடும். சில பூச்சிக்குத் தலையிலேருந்து வாலுக்குத் திரும்பிக்கூட ஓடும். நீ பாத்துட்டே இரு."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். "ஓடுது!" என்று அந்தக் குழந்தை கூவினாள். பெஞ்சின் மேல் நின்றபடியே நானும் கைதட்டினேன்.

பாடம் முடிந்தபின் டாக்டர் அம்மா முன்னால் வந்து, தரையிலேயே குனிந்து சிவகாமியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "தொடங்கும்போது தவித்தாய். இப்போது மூச்சு இரைக்கவில்லை" என்றார். பிறகு பெரிய டீச்சரிடம், "இவள் உட்கார்ந்து போதிக்கலாகுமா?" என்று கேட்டார்.

பெரிய டீச்சர் யோசித்தார். "நிக்கணும்னுதான் சட்டம். ஆனா அந்தச் சட்டத்த எழுதுனவங்க சின்னப் பிள்ளைகளுக்கு ஒருநாளும் பாடம் எடுத்திருக்க மாட்டாங்க. அரிச்சுவடி வகுப்ப இவ கையில குடுத்தா தரையில உக்காந்தே நடத்தட்டும். நான் எழுதித் தாரேன்."

ஆனால் அண்ணன் ஒத்துக்கொள்ள வேண்டுமே! அவர் உள்ளே வந்தார். கோபக்காரர் என்று நினைத்திருந்தேன், கண் கலங்கியிருந்தது.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல வச்சு ஒனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா ஊரு என்னைத்தான கேக்கும்? வேலைக்கு அனுப்பிக் கொன்னுட்டான்னு சொல்லமாட்டாவளா?"

"அண்ணே, வீட்டுல வச்சு ஆனா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ. அதுக்காக என்னை அங்கன கொண்டு வைக்கப் போறீங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வண்டியில் மாட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது. சிவகாமி என் கையை இறுகப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் கடையில் வாங்கிய ஒரு அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்து விடுதி வாசலில் இறக்கினார். "மிச்ச மாசத்துக்கு வேணும்லா?" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

களக்காட்டிலேயே சின்னப் பெண்கள் பள்ளி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பாய் விரித்து உட்கார்ந்து பத்து வருஷத்துக்கு மேல் நடத்தினாள். டாக்டர் அம்மா பயந்ததைவிட நிறைய நாள் இருந்தாள். ஒரு கோடையில், பள்ளி விடுமுறை நாளில், தூக்கத்திலேயே போய்விட்டாள். சொல்லியனுப்பாமல் அண்ணனே நேரில் என் வீடு தேடி வந்தார். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். பிறகு, எங்களைப் போன்ற கடற்கரைச் சாதிக்காரர் வீட்டு வாசற்படியைக்கூட மிதித்திராத அந்த மனிதர், "தங்கச்சி, குடிக்கத் தண்ணி தாங்க" என்று கேட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து குடித்தார்.

அவள் இருந்தவரை வருஷத்துக்கு ஒருதரம் சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் சந்திப்போம். அவள் வண்டியில் வருவாள், நான் ரயிலில் போவேன். கடற்கரைக்காரியான நான் ஆழத்தில் நீந்துவேன். அவள் கணுக்கால் நனைய மணலில் உட்கார்ந்து என் துணிகளைக் காவல் காப்பாள். நான் கொஞ்சம் தள்ளிப் போனால் போதும், "போதும்ட்டி, திரும்பி வா!" என்று கூப்பிடத் தொடங்கிவிடுவாள். கசம், அதாவது ஆளை விழுங்கும் ஆழமான மடு, என்று எல்லோரும் பயப்பட்ட இடம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே போயிருந்தேன். ஆறு அக்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. நாங்கள் உட்கார்ந்த மணலில் ஆளுயரத்துக்கு நாணல். கசம் எது என்று அங்கே துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். அப்படி ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். முழங்காலுக்கு மேல் நனையாமல் நடந்தே அக்கரை சேர்ந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.