நீர் மாத்திரையும் நீண்ட தடமும்

அந்த மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. டாக்டருக்கு ஒரு சின்ன அறை, நர்ஸுக்கு ஒரு மேஜை, சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அந்த மேஜைக்காரிக்கு நோயாளிகள் வைத்த பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. எவ்வளவு அவசரமாக வந்தவரானாலும் அவளிடமிருந்து வரும் முதல் பேச்சு, “அஞ்சு நிமிஷம் உட்காருங்க” என்பதுதான். வெயிலில் நடந்து மூச்சிரைக்க வந்தவரும், வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு வந்தவரும், பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவரும் உட்கார்ந்தே ஆக வேண்டும். காலைப் பின்னிக்கொள்ளக் கூடாது. கையில் பட்டையைச் சுற்றிவிட்டால் வாய்க்குப் பூட்டு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பேசாமல் இருந்தால்தான் தனக்கு பிரஷர் ஏறுகிறது என்று ஒவ்வொரு முறையும் புகார் சொல்வார். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து உட்கார வைப்பாள்.

சேவை செய்ய வேண்டும் என்ற ஆசையில் அவள் நர்ஸ் வேலைக்கு வரவில்லை. சித்தி நர்ஸாக இருந்தாள். வீட்டில் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சித்தியிடம், அந்த வெள்ளை உடையில் இருக்கும்போது மட்டும் யாரும் குரலை உயர்த்தவில்லை. லாரி மெக்கானிக்கின் நாலாவது பெண்ணான அவளுக்கு அது பிடித்துப்போனது. படித்து முடித்துப் பல வருடங்கள் வார்டில் மருந்து வண்டியைத் தள்ளினாள். இதயத்தை நிதானமாக்கும் மாத்திரை என்றால் கொடுப்பதற்கு முன்னால் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும், அறுபதுக்குக் கீழே போயிருந்தால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கேட்க வேண்டும். புது மாத்திரை தொடங்கியவரைச் சட்டென்று எழுப்பக் கூடாது. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுச் சற்று நேரம் உட்கார வைத்து, தலை சுற்றவில்லை என்று உறுதியானபின் நிற்க வைக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிவிட்டது. முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபோது வார்டிலிருந்து இந்த மேஜைக்கு மாற்றினார்கள்.

இங்கே வந்தபின் அவளுடைய வேலை கேள்வி கேட்பதாக மாறியது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள் என்பது தெரிந்ததால் அவள் சுற்றிவளைத்து வருவாள். என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புவது, நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா, மூட்டுவலிக்கு வேறு ஏதாவது விழுங்குவது உண்டா. தையல்காரப் பெண் ஒருத்தி மாதக்கணக்கில் வறட்டு இருமலோடு அலைந்துகொண்டிருந்தாள். துணித்தூசி என்று எல்லாரும் சொன்னார்கள். இருமல் முதலில் வந்ததா, புது மாத்திரை முதலில் வந்ததா என்று இவள் கேட்டாள். டாக்டர் மாத்திரையை மாற்றினார், இருமல் போய்விட்டது. நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டதற்கான காரணத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார். மனைவியோடு சேர முடியவில்லையாம். அதையும் அவள் தலை நிமிராமல் கேட்டு, டாக்டரிடம் தனியாகப் பேச ஏற்பாடு செய்தாள்.

அவளுடைய கணவர் பஸ் ஓட்டுபவர். இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே நீண்ட தடம். டெப்போவில் வருடாந்தரப் பரிசோதனை நடந்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. மருந்து எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்படி சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று ரத்தக்குழாயைத் தளர்த்துவது. இன்னொன்று உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது. அதை எல்லாரும் நீர் மாத்திரை என்பார்கள்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஊறுகாய் ஜாடி அலமாரியின் உச்சிக்குப் போனது. நீர் மாத்திரையைக் காலையிலேயே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் கெடும் என்று சொல்லி, அவர் கிளம்பும் முன் இரண்டு மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைப்பாள். அவர் மறுபேச்சில்லாமல் வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை. அவள் உப்பைச் சந்தேகப்பட்டாள், டெப்போ கேன்டீனைச் சந்தேகப்பட்டாள், அவருடைய முன்கோபத்தைக்கூடச் சந்தேகப்பட்டாள். துணி துவைக்கும்போது சீருடைச் சட்டைப் பையின் தையலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மிட்டாய் கரைந்திருக்கும் என்றார். நம்பிவிட்டாள்.

மறுபரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அவர் வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டினார். நிமிர்ந்தவர் அப்படியே ஒருபக்கமாகச் சரிந்தார். செருப்பு அலமாரியின் முனை புருவத்தில் இடித்துக் கிழித்தது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் வார்டில் செய்ததுதான். தரையிலேயே மல்லாக்கப் படுக்க வைத்தாள், கால்களை எடுத்துப் பிரம்பு மோடாவின்மேல் வைத்தாள், துண்டை மடித்துப் புருவத்தில் அழுத்திப் பிடித்தாள், மறுகையால் நாடி பார்த்தாள். கண்ணைத் திறந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழப்போனவரைத் தோளில் கைவைத்துத் தடுத்தாள். வீட்டுக் கருவியில் அழுத்தம் தொண்ணூறுக்குக் கீழே காட்டியது. இத்தனை மாதம் இறங்காத அழுத்தம் ஒரே நாளில் இவ்வளவு கீழே போகாது. அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“எத்தனை போட்டீங்க?”

அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

“ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன். ஆஸ்பத்திரியில எனக்கு பதில் சொல்லணும்.”

“ரெண்டு ரெண்டா. முந்தாநேத்துலேருந்து.”

“அதுக்கு முன்னாடி?”

“லீவு நாள்ல மட்டும்” என்றார்.

வேலை நாட்களில் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, வாசல் தாண்டியதும் துப்பிப் பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எது நீர் மாத்திரை, எது மற்றது என்று அவருக்கு அடையாளம் தெரியாது. அதனால் இரண்டையுமே துப்பியிருக்கிறார். பரிசோதனை நெருங்கியதும், விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியாமல் இன்னொரு ஜோடியும் எடுத்து இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார்.

ஏன் என்று அவராகவே சொன்னார்.

“அந்த ரூட்ல நாலு மணி நேரம் நிறுத்தவே இடம் கிடையாது. ஒருநாள் தாங்க முடியல. நடுரோட்டுல வண்டிய ஓரங்கட்டிட்டு மரத்துக்குப் பின்னாடி போனேன். திரும்பி வரேன், ஜன்னல் பூரா தலை. ஒரு ஸ்கூல் பொண்ணு அம்மாகிட்ட ஏதோ சொல்லிச் சிரிக்குது. நான் அந்த வண்டிய ஓட்டுறவன். எப்படி மறுபடி போய் சீட்ல உக்காருவேன் சொல்லு.”

துண்டில் ரத்தம் ஊறுவது நின்றிருந்தது. அவள் மடிப்பை மாற்றி வைத்தாள். பெஞ்சில் உட்காரும் அந்நியர்களிடம் அவள் முதலில் கேட்கும் கேள்வி என்ன வேலை என்பதுதான். இவரிடம் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. அவருடைய வேலை அவளுக்குத் தெரியும். தடம் தெரியும், கிளம்பும் நேரம் தெரியும், எந்த வளைவில் எந்த கியர் போடுவார் என்பதுவரை சொல்வாள். அந்த நாலு மணி நேரத்தை மாத்திரையோடு சேர்த்து மட்டும் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.

“நீ நர்ஸாச்சே. போடுங்கன்னுதான் சொல்லுவ.”

அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

மருத்துவமனையில் புருவத்துக்குத் தையல் போட்டு, ரத்தத்தில் உப்புச்சத்து பார்த்து, ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மாத்திரையை வேலை நாளெல்லாம் விடுவதும் தப்பு, விட்டதைச் சேர்த்துப் போடுவது அதைவிடத் தப்பு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். விஷயத்தை முழுதாகக் கேட்டபின், நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு வகையில் ஒன்று எழுதினார். மருந்தில் இத்தனை வகை இருக்கும்போது பஸ் ஓட்டுபவருக்கு அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்றார். முதலிலேயே வேலையைத் தானும் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

மறுபரிசோதனைக்கு அவர் போக முடியவில்லை. தலைசுற்றி விழுந்தவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்க முடியாது என்று டெப்போவில் கையை விரித்துவிட்டார்கள். அது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் நாளானது. சில மாதங்கள் வண்டிகள் உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் பஸ் நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் வீட்டில் அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய குரல் ஊருக்கெல்லாம் கேட்கிறது, நமக்கு மட்டும் இல்லை என்று மகன் முணுமுணுத்தான்.

பிரஷர் பார்க்க அவர் அவளுடைய பிரிவுக்கே வந்தார். தன் கையால் பார்க்க வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பக்கத்துப் பிரிவு நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டாள். அவர் பெஞ்சில் எல்லாரோடும் சேர்ந்து காத்திருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு நல்ல துணை கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஊரார் உபாதைகளையெல்லாம் கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் மருந்து ஞானமும் வந்துவிட்டது. புது மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் இருக்கும், சாயங்காலம் இருமிக்கொண்டே வந்து சொன்னார்.

“இது சளி இருமல் இல்ல. அந்தத் தையல்காரம்மா சொன்னாங்களே, அந்த ஜாதி. டாக்டர்கிட்ட சொல்லணும்.”

அவள் காபி கலந்துகொண்டிருந்தாள். தொடர்ந்து கலந்தாள். ஒரு மாத்திரையைப் பற்றி அவர் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே இருவரும் போய்ச் சொன்னார்கள். மாத்திரை மறுபடியும் மாறியது. மூன்றாவதாக வந்தது அவருக்கு ஒத்துக்கொண்டது. சாயங்காலம் கணுக்கால் லேசாக வீங்குகிறது என்பதைத் தவிரக் குறையில்லை. அதையும் அவர் விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்துச் சொல்கிறார். டாக்டர் அதற்கு அளவைக் குறைத்திருக்கிறார். காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு சோபா முழுவதையும் அவர் ஆக்கிரமிப்பதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை.

மேஜையில் அவளுடைய கேள்விகளோடு ஒரு கேள்வி சேர்ந்தது. நீர் மாத்திரை எழுதி வாங்கி வருகிறவர்களிடம், வேலை நேரத்தில் ஒன்றுக்குப் போக வசதி உண்டா என்று கேட்டாள். பலர் முகம் சுளித்தார்கள். வாட்ச்மேன் ஒருவர், இதை இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். டோல்கேட்டில் உட்காரும் பெண் ஒருத்தி, தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னாள். சிலருக்கு மாத்திரை மாறியது, சிலருக்கு நேரம் மாறியது. சிலருக்கு எதுவும் செய்ய முடியவில்லை. வேலை அப்படி.

அழுத்தம் தொடர்ந்து கட்டுக்குள் இருந்ததும் கணவருக்கு மறுபடி வண்டி கொடுத்தார்கள். நீண்ட தடம் இல்லை, நகரத்துக்குள் ஓடும் குட்டி வண்டி. இரண்டு முனையிலும் கழிப்பறை உண்டு. இதெல்லாம் ஒரு வண்டியா என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்பதே வேலையாம்.

ஒரு சனிக்கிழமை அவள் வேலைக்குப் போக அந்த வண்டியிலேயே ஏறினாள். அவர் கவனித்தாரா தெரியவில்லை. ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று அவர் தலைக்கு மேலே பலகை இருந்தது. அவள் இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு கிழவர் கம்பியைப் பிடித்து ஏறி உட்காரும்வரை வண்டி நகராமல் நின்றது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். வண்டி கிழவர் உட்கார்ந்த பிறகுதான் கிளம்பியது. மருத்துவமனை நிறுத்தத்தில் அவள் இறங்கி, சாலையைக் கடக்க நின்றபோது, கணவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து ஒரு விரலை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து உயர்த்தினார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவர் கிளம்பிப் போனார்.