மண்டையோடு சுரண்டியவள்

கல்யாணமாகி ஆட்டையாம்பட்டிக்கு வந்த நாளிலிருந்து சென்னம்மாள் யாரிடமாவது கூலிக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாள். ஜவ்வரிசி மில்லில் மாவு அள்ளினாள். தறிக்காரர்களுக்கு நூல் சுற்றினாள். எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றி மில் நின்றுபோனதும் அப்புசாமியின் டிரம் கடையில் சேர்ந்தாள். கிணறு வற்றிய ஊர்களெல்லாம் தண்ணீர் பிடித்து வைக்க டிரம் தேடி அலைந்த வருஷம் அது.

காலி இரும்பு டிரம்கள் எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கும். மேலே இங்கிலீஷ் எழுத்து, நடுவில் ஒரு மண்டையோடு. தகட்டால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே புளியும் மணலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். கழுவிய தண்ணீர் தேங்கும் குழிப்பக்கம் எறும்புகூட ஊர்வதில்லை. அதில் வாய் வைத்த இரண்டு கோழிகள் அங்கேயே சுருண்டு விழுந்தன.

"ஏனுங்க, இதுக்குள்ள என்னங்க இருந்துச்சு?"

"காலி டிரம்முல என்ன இருக்கும்? காலிதான் இருக்கும்." அப்புசாமி தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். "எனக்கே தெரியாது. நீ தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

மறுநாள் ஒரு டிரம்மைச் சுரண்டாமலே முன்வரிசையில் வைத்தாள். பார்க்கிறவர்கள் பயந்து விலகுவார்கள் என்று நினைத்தாள்.

போன மாதம் டிரம் வாங்கிப்போன கந்தப்பன் என்ற விவசாயி மறுபடியும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். மாசமாயிருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாளாம், தண்ணீர் பற்றவில்லையாம். மண்டையோட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இதையே குடுங்க. வாசல்ல வெச்சா ஊட்டுக்குக் கண்ணு படாது."

சென்னம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "அது விசங்க! அதுல தண்ணி ஊத்தாதீங்க!"

கந்தப்பன் கடைக்காரரைப் பார்த்தார். அப்புசாமி அசரவில்லை. "தெனமும் அவதான கழுவறா? செத்தா போயிட்டா? உங்க முன்னால குத்துக்கல்லாட்டம் நிக்கறாளே!"

சென்னம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். நகமெல்லாம் மஞ்சள் பாரித்திருந்தது. சில விரல்களில் நகமே இல்லை.

கந்தப்பன் கையிலிருந்த மாட்டுக் கயிறு தொய்ந்தது.

"போன தடவ வாங்குனதுல இந்தப் படம் இல்லீயே, அம்மிணி?"

"இருந்துச்சுங்க. நாந்தான் சொரண்டுனேன்."

"புள்ள அதுலதான் மொண்டு குடிக்கறா. ரெண்டு நாளா வாந்தி. மசக்கைன்னு..."

பேச்சை முடிக்காமலே வண்டியில் ஏறினார். மாட்டின் மேல் விழுந்த சாட்டையடி தெருமுனை வரை கேட்டது.

சென்னம்மாள் தகட்டைக் கீழே போட்டாள். அப்புசாமி அவளைத் திட்டவில்லை. குனிந்து தகட்டை எடுத்து, தானே சுரண்டத் தொடங்கினார். சேலம் ரோட்டிலிருந்து இன்னொரு வண்டி கடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.