டைல்ஸ்காரன் கற்ற ஒரே பாட்டு

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவன் பிடிவாதத்தைத்தான் சொல்ல வேண்டும். தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். முப்பது வருஷமாக முட்டி போட்டே சம்பாதித்தவன். யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டான், தரையைத்தான் பார்ப்பான். ஒருமுறை என் மேலதிகாரி வீட்டு விருந்துக்கு அவனையும் அழைத்துப் போயிருந்தேன். இலையோ தட்டோ வருவதற்கு முன்பே, "சார், உங்க ஹால் வாசப்பக்கமா சரியுதே, யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டான். எனக்கு மானமே போயிற்று.

ஒரு கல் நூலளவு ஏறியிருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் பெயர்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பதிப்பான். எல்லாம் முடிந்து, இடுக்கில் பூசிய கலவை காய்கிறவரை வீட்டுச் சொந்தக்காரரைக்கூட உள்ளே விட மாட்டான். வாசலில் கயிறு கட்டிவிட்டுத் தானே காவலுக்கு உட்கார்ந்துகொள்வான். "சும்மா எட்டிப் பாத்துக்கறேன்பா" என்று கெஞ்சினாலும் முடியாது. பாதி வேலையை யாருக்கும் காட்டியதில்லை என்பதில் அவனுக்கு அப்படியொரு கர்வம்.

நான் அவனுக்கு அக்கா. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தம்பி வீட்டுக் கீழறையில் இருக்கிறேன். நானும் அவன் மனைவியும் குடுமிப்பிடிச் சண்டை போடுவோம் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் ஆவலாகக் காத்திருந்தார்கள். பாவம், ஏமாந்து போனார்கள். அவள் எனக்குக் கூடப்பிறந்தவளுக்கும் மேல்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடையில் இருந்தாள். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். அந்தக் கடைக்குத் தரை போடத்தான் இவன் போனான். மூன்று நாள் வேலையை எட்டு நாள் இழுத்தான். வாழ்க்கையில் அவன் வேலையை இழுத்தடித்தது அந்த ஒருமுறைதான். அந்த எட்டு நாளும் அவள் ஒரே வெளிநாட்டு ராக் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாளாம். அந்த மொழி இவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. இருந்தாலும் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும், வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. "என்னங்க?", "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுக்கேட்டு, பிறகு டாக்டரிடம் போனோம். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறையில் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் எங்களிடம் சொன்னார்: "நரம்பு பலவீனமாயிட்டே வருது. காதுல மெஷின் வச்சா கொஞ்ச நாள் தாங்கும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ. அப்புறம் கஷ்டம்." வெளியே வந்தபோது தம்பி ஆஸ்பத்திரித் தரையைக்கூடக் குறை சொல்லவில்லை.

அடுத்த வாரம் சிமெண்ட் சாக்குக்குள் ஒரு பழைய கிதாரை மறைத்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"டேய், என்னடா இது?"

"அந்தப் பாட்டை வாசிக்கப் போறேன். அவ காது போறதுக்குள்ள வாசிச்சுக் காட்டணும்."

"போன்ல போட்டா ஒரு நிமிஷத்துல கேட்டுட்டுப் போறா. அம்பத்திரண்டு வயசுல இது தேவையா?"

"போன்ல எவனோ வாசிக்கிறான்க்கா. கடைசியா அவ காதுல விழறது நான் வாசிச்சதா இருக்கணும்."



மொட்டை மாடியில் மீந்த டைல்ஸ் அடுக்கி வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுவரை அங்கே பாடம். அவளிடம் சொன்ன கதை, டைல்ஸைப் பிரித்து அடுக்குகிறானாம். போனில் வரும் தாடிக்காரர் ஒருவர்தான் வாத்தியார். கற்றுக்குட்டிகளுக்கு ஏற்ற பாட்டு இது, நாலே கோர்டு, அதாவது விரல்களைச் சேர்த்து வைக்கும் நாலு பிடி, ஜி, டி, ஈ மைனர், சி, ஒரு மாதத்தில் வாசித்துவிடலாம் என்று சத்தியம் செய்தார் அந்த மனிதர். இவனைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

இவன் விரல்கள் சிமெண்டில் ஊறித் தடித்துப் போனவை. ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து செத்துப்போகும். 'டொக்' என்று சத்தம் வரும். டைல்ஸ் வெட்டக் கோடு போடும் பென்சிலால் கிதாரின் கழுத்தில் விரல் வைக்கிற இடமெல்லாம் குறித்துக்கொண்டான். வலது கை அதைவிட மோசம். கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே என்று கம்பிகளை மெல்ல உரசச் சொன்னால், கரண்டியால் கலவையை வழிப்பது போல வழித்தான். நான் போனைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானேன். ஆனால் மூன்றாவது மாதம் அந்தக் கை பழகிவிட்டது. பேருந்தில் போகும்போதுகூடத் தொடையில் அதே தாளம் போட்டுக்கொண்டு வந்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தாடிக்காரர் ஒவ்வொரு பாடத்திலும் தலைபாடாய் அடித்துக்கொண்டார்: இடது விரல் தப்பினால் தப்பட்டும், வலது கை நிற்கவே கூடாது, தாளத்தை விடாமல் அப்படியே போய்க்கொண்டே இருங்கள் என்று. இவனா கேட்பான்? ஒரு பிடி பிசகினால் போதும், கையை எடுத்துவிடுவான். முதலிலிருந்து ஆரம்பிப்பான். பிசகின கல்லோடு அடுத்த வரிசைக்குப் போகவே அவனுக்கு வராது. மாதக்கணக்கில் அந்தப் பாட்டு இரண்டாவது அடியைத் தாண்டவில்லை.

ஐந்தாவது மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இருக்கறதை வாசிச்சுக் காட்டித் தொலையேன்டா. அவ என்ன மார்க்கா போடப் போறா?"

"அரைகுறையா காட்டச் சொல்றியா?"

"அரைகுறையோ முழுசோ, காதுன்னு ஒண்ணு இருக்கும்போது காட்டு."

"முழுசா வரட்டும்க்கா. இன்னும் கொஞ்சந்தான்."

வேண்டுமானால் நானே அவளைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அவன் ஆசையைக் கெடுக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தச் சமயத்தில் அவள் 'என்ன, என்ன' என்று கேட்பதை நிறுத்தியிருந்தாள். எது சொன்னாலும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், சரியாகவும் பதில் சொன்னாள். மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று நாங்கள் இரண்டு புத்திசாலிகளும் சந்தோஷப்பட்டோம்.

எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அந்தப் பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்தான். எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் தட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "இன்னொரு தடவை" என்றேன். மறுபடியும் பிசகில்லாமல் வாசித்தான். கிதாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். பெண் பார்க்கப் போகிறவன் கெட்டான். இருவரும் கீழே இறங்கினோம்.

அவள் சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்தாம்மா, கொஞ்சம் மேல வாயேன்" என்றான். திரும்பவில்லை. குழாய்த் தண்ணீர்ச் சத்தம் என்று நினைத்து நான் குழாயை மூடப் போனேன். குழாய் மூடித்தான் இருந்தது. "ஏய்!" என்று அவள் முதுகுக்குப் பின்னாலேயே கத்தினேன். அடுத்த வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. இவள் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தம்பி அவள் தோளைத் தொட்டான். திடுக்கிட்டுத் திரும்பியவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமாச்சு" என்றாள். வீடே அதிரும்படி சத்தமாகச் சொன்னாள். அவள் சத்தம் அவளுக்கே தெரியவில்லை. "சுத்தமா எதுவும் கேக்கல. வாயைப் பாத்துத்தான் சமாளிச்சேன். சொன்னா ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு உக்காந்துடுவீங்க. அதான் சொல்லல."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்று அவளே தொடர்ந்தாள். "மாடில நம்ம பாட்டை வாசிச்சிட்டிருந்தீங்கல்ல? எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? துணி எடுக்க வரும்போதெல்லாம் கதவுகிட்ட நின்னு கேட்டுட்டுத்தான் போவேன். போன மாசத்துல இருந்து சத்தமே இல்லியே, ஏன் விட்டுட்டீங்க? அப்பல்லாம் உள்ளருந்து அக்கா குரல் எனக்கு நல்லாத்தான் கேட்டுது. வாசிப்பு மட்டும் நின்னு போச்சு."

ஒரு நாள்கூட அவன் வாசிக்காமல் இருந்ததில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றான். அவளுக்குப் புரிய வேண்டுமே என்று, உதட்டை நன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகச் சொன்னான்.

"எனக்கு வரலம்மா. அதான் விட்டுட்டேன்."

அவள் அவன் கன்னத்தில் செல்லமாக ஓர் இடி இடித்தாள்.

"நல்லாத்தாங்க வந்துட்டிருந்துச்சு. உங்களுக்குத்தான் பொறுமையே கெடையாது."

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.