காம்பில்லாத மாங்காய்

பட்டு நனைந்தால் ஒரு வாடை வரும். ஈர முடியும் பழைய சோப்பும் கலந்த வாடை. அருகில் ஏதோ ஓர் உயிர் மெல்ல மூச்சு விடுவதுபோல. போன வாரம் சாரல் ஜன்னல் வழியாகத் தறிமேல் அடித்துப் பாவு நூல் நனைந்துவிட்டது. பிளாஸ்டிக் தாளால் மூட எழுந்தவன் அந்த வாடையில் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா நின்னுகினு கீறீங்க, ஜல்தியா மூடுங்க" என்றாள் மனைவி.

மூடினேன். வாடை போகவில்லை. முன்பு ஒருமுறை அதைப் பிணவறையில் முகர்ந்திருக்கிறேன். பினாயிலுக்கு மேலே, வேறு எதையெதையோ மூடிக்கொண்டு, அது எழுந்து வந்தது. அன்று நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்தால் இலேசாகிவிடும் என்ற எண்ணம் இல்லை.

என் தங்கை என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் நான்தான் அவளை வளர்த்தேன் என்று தெருவில் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள். அதே பள்ளியில் படவேட்டுக்காரப் பெண் ஒருத்தி அவளுக்குத் தோழி. விவசாயியின் மகள். இருவரும் ஒரே உயரம், ஒரே வாகு. காலையில் ஆளுக்கொரு திசையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, மாலைவரை பேசித் தீராமல் போனிலும் பேசுவார்கள்.

ஒரு பாவில் மூன்று புடவை வரும். அந்த முறை கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை, முந்தியில் வரிசை வரிசையாக ஜரிகை மாங்காய். முதல் புடவையைத் தங்கை சொல்லி அந்தத் தோழி வாங்கிக்கொண்டாள். மூன்றாவது கடைக்குப் போனது. இரண்டாவதில் தப்பு விழுந்தது. முந்தி நெய்யும்போது என் மனதில் ஒரு கவிதை வரி ஓடிக்கொண்டிருந்தது. எழுதியே ஆகவேண்டும் என்று துடிக்கவைத்த வரி. அந்தத் துடிப்பில், பூ வேலையை விழவைக்கும் ஜக்காடு அட்டை ஒன்றை மாற்றி மாட்டிவிட்டேன். ஒரு வரிசை மாங்காய்க்குக் காம்பு விழவில்லை. அந்த வரி இன்று எனக்கு ஞாபகம் இல்லை. காம்பில்லாத மாங்காய்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கின்றன.

புடவையை விரித்துப் பார்த்த, பட்டு கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி அதை மடித்து என் பக்கம் தள்ளினார். நான் அதைப் புது அட்டைப்பெட்டியில் வைத்துத் தீபாவளிக்குத் தங்கையிடம் கொடுத்தேன்.

"உனக்குன்னே நெய்ஞ்சதும்மா."

அவள் முந்தியை விரித்து, விரலால் ஒரு வரிசையை மெல்லத் தடவினாள். "நல்லாக்கீதுண்ணா" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில், உடன் வேலை பார்த்த ஒருத்தியின் கல்யாணத்துக்கு இருவரும் சொல்லிவைத்துக்கொண்டு அந்தப் பச்சைப் புடவைகளிலேயே போனார்கள். ஏறிய பஸ், தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தைக் கடந்துவிடலாம் என்று இறங்கியது. கடக்கவில்லை. பலரை அன்றே எடுத்துவிட்டார்கள். கடைசியாகக் கிடைத்த இருவர், நான்காம் நாள், முள்மரங்களுக்கிடையில், பச்சைப் புடவையோடு.

பிணவறையில் இரண்டு மேஜைகள். முகங்களைப் பற்றி எழுதமாட்டேன். நகை எதுவும் தங்கவில்லை. டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார்: யாராக இருந்தாலும் ஒரு பல் எடுத்து நம்பர் போட்டு வைத்துவிடுவோம், சந்தேகம் இருந்தால் வீட்டார் ரத்தம் கொடுங்கள், டி.என்.ஏ. ஒத்துப் பார்க்கலாம், சில வாரம் ஆகும். உடையை வைத்து உறுதியாகச் சொல்ல முடிந்தால் எழுதிக்கொடுத்து வாங்கிப்போகலாம்.

முதல் மேஜைக்குப் போனேன். நெய்கிறவன் வேறெதைத் தேடுவான், முந்தியைத்தான் தேடினேன். சேறு காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினேன். ஒரு வரிசை, இரண்டு வரிசை, எல்லா வரிசையும். எல்லா மாங்காய்க்கும் காம்பு இருந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரி கீதே, எப்டிங்க சொல்லுவீங்க?" என்றார் போலீஸ்காரர்.

எனக்குப் பின்னால் மாமா, சித்தப்பா, முதலாளி, தெருக்காரர்கள் என்று அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்கள். இதில் தப்பு இல்லை, அதனால் இது என் தங்கை இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால், கழித்துப்போட்ட புடவையைத்தான் தீபாவளிக்குக் கொடுத்தேன் என்று ஆகும். இன்னொன்றும் இருந்தது. என் தங்கை கடைசியாகக் கட்டியிருந்தது நல்ல புடவையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த நினைப்பு எனக்கு அப்போதே வந்ததா, பிறகு என்னை நானே தேற்றிக்கொள்ளத் தைத்துக்கொண்டதா, தெரியவில்லை.

"இது என் கை. நான் நெய்ஞ்சது. இதான் என் தங்கச்சி."

இரண்டாவது மேஜைக்கு நான் போகவே இல்லை.

படவேட்டுக்காரர், அந்தத் தோழியின் அப்பா, தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். அறுபது வயதிருக்கும். "தம்பி, நாமளும் அந்த டெஸ்ட எடுத்துக்கலாமே. எனுக்கு ஒண்ணும் புரியல. ரெண்டும் பச்சையாத்தான் கீது."

"பட்டப் பத்தி எனக்குத் தெரியாதாங்க ஐயா? நீங்க நெல்லப் பாத்து சொல்லுங்க. நான் புடவையப் பாத்து சொல்றேன்."

என் பின்னால் யாரோ "அதானே" என்றார்கள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விலகிப் போனார்.

அன்று மாலைக்குள் நான் கொள்ளி வைத்துவிட்டேன். மறுநாள் சாம்பலை ஆற்றில் கரைத்தேன். ஊரே வந்து அழுதது. நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை என்பதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

அவர் மட்டும், மீதியிருந்த உடலை வாங்கிக்கொள்ளாமல், ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். சில வாரம் கழித்து முடிவு வந்தது: பொருந்தவில்லை. அன்றிலிருந்து போலீஸிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கியது. நீங்களும் வந்து ரத்தம் கொடுங்கள் என்றார்கள். தறியில் அவசர வேலை என்றேன். காய்ச்சல் என்றேன். பிறகு எடுக்கவே இல்லை. பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் என் தங்கை ஒரு நம்பரோடு குளிரில் கிடந்தாள் என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவரே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நிறுத்த வாணாம் தம்பி. ஓட்டிகினே பேசுங்க."

குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"எனுக்குப் பொருந்தலைன்ன ஒடனே, ஸ்டேசன்ல துணிய எடுத்துக் காட்னாங்க. அங்க மீதி கெடக்கிற பொண்ணோடது. முந்திய விரிச்சாங்க. ஒரு வரிசை மாங்காய்க்குக் காம்பு இல்ல."

வெளியே யாரோ ஒருவரின் பைக் கிளம்பமாட்டேன் என்று இருமிக்கொண்டிருந்தது.

"எம்பொண்ணு ஒருநாளு சோறு துன்னும்போது சொல்லிச் சொல்லி சிரிச்சா. அவ சிநேகிதிக்கு அண்ணங்காரரு தப்பு வுழுந்த பொடவைய தள்ளிவுட்டுட்டாராம். அந்தப் பொண்ணுக்கும் தெரியுமாம். ‘நெசவுக்காரன் வூட்டுப் பொண்ணுப்பா, அதுக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி கட்டிகினு சுத்துது. அண்ணன்தான் அது மூஞ்சப் பாக்கவே மாட்டேங்கறாராம், பாவம்’னா."

பாவம் என்றாளாம். என் தங்கை என்னை அப்படிச் சொல்லியிருக்கிறாள். எந்தத் தப்பை மறைக்க ஒரு பெண்ணை மாற்றி எரித்தேனோ, அது இரண்டு டீச்சர்களின் சாப்பாட்டு நேரச் சிரிப்பாக எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

எத்தனையோ வார்த்தைகளைப் புரட்டிப் புரட்டி எழுதியவன் நான். அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"தெரியுங்க ஐயா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் பாவிலேயே பார்வையை வைத்திருந்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் சண்டைக்கு வர்ல. நீங்க ரத்தம் குடுத்தாத்தான் அந்தப் பொண்ணு வூட்டுக்கு வரும். நீங்க எழுதிக்குடுத்து வாங்கிகினு போனதால, நீங்க வராம அந்தப் பல்ல ஒத்துப் பாக்க மாட்டாங்களாம். எம்பொண்ணு எங்க போச்சுன்னு எனுக்கும் எழுத்துல வரும். சட்டையப் போடுங்க. பத்தரை பஸ்ஸ புடிக்கலாம்."

வேலூர் போகும்வரை ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். கண்ணமங்கலம் நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என் போட்டோ ஒட்டி, உறவுமுறை என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதினேன். "அப்பா அம்மா இருந்தா சீக்கிரம் ஆவும். கூடப்பொறந்தவங்கன்னா கொஞ்சம் நாள் புடிக்கும்" என்ற நர்ஸ், ரத்தம் எடுத்து முடித்துவிட்டு, "சாட்சிக் கையெழுத்து யாரு போடறது?" என்று கேட்டார். இவர் இன்னார்தான், இது இவர் ரத்தம்தான் என்று ஒருவர் சொல்லவேண்டுமாம். நான் அக்கம்பக்கம் பார்த்தேன். படவேட்டுக்காரர் பேனாவை வாங்கி, நிறுத்தி நிறுத்தித் தன் பேரை எழுதினார்.

முடிவு வந்தபோது இருவரையும் கூப்பிட்டார்கள். மீதியிருந்தவள் என் தங்கை. எரித்தவளிடமிருந்து முன்பே எடுத்துவைத்த பல், அவருடைய ரத்தத்தோடு பொருந்தியது. அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே ஒருமுறை தட்டிக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது.

இரண்டாவது முறை என் தங்கைக்கு அழ ஊர் வரவில்லை. "மறுபடியுமா?" என்று ஒருவர் கேட்டதும் காதில் விழுந்தது. ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். அவர் வந்திருந்தார். எல்லாம் முடிந்தபின், "எம்பொண்ண எந்த எடத்துல கரைச்சீங்க? காட்டுங்க" என்றார். ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். அன்று சாம்பலை இழுத்துக்கொண்டு போன தண்ணீர் அப்போது ஒரு முழ அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதில் இறங்கிக் கணுக்கால் நனைய நின்றார். நான் மணலில் நின்றேன். அவருடைய செருப்பு என் காலடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பஸ் நிலையத்தில் அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தேன். குடித்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, சத்தத்துக்கு நடுவே கொஞ்சம் உரக்கச் சொன்னார்:

"‘என் கை’ன்னு சொன்னீங்க இல்ல தம்பி, அந்தக் கைதான் கொள்ளியும் வச்சிது. வருசா வருசம் எம்பொண்ணு பேரையும் சொல்லி, அதே கையால எள்ளும் தண்ணியும் எறைச்சிடுங்க."